ஸ்டாப் ஜோடியும் கூடுதல் ஜெட்டுகளும்: முதல்முறை சிமுலேஷன் செய்பவர்களுக்கு

எல்எச்சி துகள் மோதியில் சூப்பர்சிமெட்ரித் துகள்கள் (அறிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு துணைத் துகள் உண்டு என்னும் கோட்பாட்டின் துகள்கள்) ஜோடியாகப் பிறக்கும்போது கூடவே ஒன்றிரண்டு ஜெட்டுகளும் (குவார்க் அல்லது குளூவானிலிருந்து வரும் துகள் கொத்துகள்) பிறந்தால் கணிப்பு எப்படி மாறும்? ஆய்வு மாணவர்களுக்கு முதல் வருடத்திலேயே வந்து சேரும் வேலை இது. மோதலைக் கணக்கிடும் மேட்கிராஃப், அதன் பிறகான உமிழ்வையும் சிதைவையும் பார்த்துக்கொள்ளும் பைத்தியா, டிடெக்டரைப் போலச் செய்யும் டெல்ஃபெஸ் என்று ஒவ்வொரு நிரலுக்கும் நல்ல கையேடு இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் தன் பங்கை மட்டும் சொல்லும். ஒரு நிரல் எழுதியதை அடுத்தது எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நான் தடுமாறியதெல்லாம் அந்த இடைவெளிகளில்தான். உங்களுக்கு அந்த நாட்கள் மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணம்: 500 ஜிஇவி நிறையுள்ள ஸ்டாப் (டாப் குவார்க்கின் சூப்பர் துணை), 470 ஜிஇவி நிறையுள்ள நியூட்ராலினோ (டிடெக்டரில் படாமல் தப்பும் சூப்பர் துகள்). ஸ்டாப் ஒரு சார்ம் குவார்க்காகவும் நியூட்ராலினோவாகவும் சிதைகிறது. மற்ற சூப்பர் துகள்கள் எல்லாம் எட்டாத உயரத்தில். மோதல் ஆற்றல் 13 டிஇவி, தரவு 140 இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன், அதாவது அட்லஸ் ஆய்வுக்குழு 2015 முதல் 2018 வரை சேர்த்த அளவு. அமைப்புகளின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது கார்டு கோப்பை (அமைப்புகளை எழுதும் உரைக் கோப்பு) பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் எது எது என்று உடனே பிடிபடும்.

1. முதலில் கேட்க வேண்டியது: கூடுதல் ஜெட் உண்மையிலேயே தேவையா?

எல்லாருக்கும் தேவையில்லை. 2000 ஜிஇவி குளூயினோ (குளூவானின் சூப்பர் துணை) லேசான நியூட்ராலினோவாகச் சிதைந்தால், சிதைவிலிருந்தே பல நூறு ஜிஇவி உந்தமுள்ள ஜெட்டுகள் கிடைக்கும். புரோட்டானிலிருந்து தெறிக்கும் கூடுதல் ஜெட் அங்கே துணைப் பாத்திரம்தான். அதைப் பார்ட்டான் ஷவரிடமே (குவார்க்கும் குளூவானும் அடுத்தடுத்து உமிழ்வதைத் தோராயமாகக் கணிக்கும் பைத்தியாவின் பகுதி) விட்டாலும் முதல் மதிப்பீட்டுக்குப் பெரிய குறை வராது.

நம் உதாரணம் வேறு மாதிரி. நிறை வித்தியாசம் வெறும் 30 ஜிஇவி. சார்ம் குவார்க்குக்குக் கிடைக்கும் உந்தம் அவ்வளவு சிறியது, பெரும்பாலும் அது ஜெட்டாகவே கணக்கில் வராது. இரண்டு நியூட்ராலினோவும் எதிரெதிர்த் திசையில் போவதால் அவை எடுத்துச் செல்லும் குறுக்கு உந்தமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். டிடெக்டரில் பார்க்க எதுவுமே மிஞ்சாது. ஸ்டாப் ஜோடி ஒரு கடினமான ஜெட்டுக்கு எதிராகத் தள்ளப்பட்டால்தான் ஏதாவது தெரியும். அப்போது காணாமல் போகும் குறுக்கு உந்தம், அந்த ஜெட்டின் உந்தத்தை நியூட்ராலினோ நிறைக்கும் ஸ்டாப் நிறைக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால் வருவதற்கு அருகில் இருக்கும். நம் கணக்கில் 470-ஐ 500-ஆல் வகுத்தால் 0.94. ஜெட் 400 ஜிஇவி என்றால் காணாமல் போவது சுமார் 376 ஜிஇவி.

ஆக, இங்கே சிக்னல் என்பதே அந்தக் கூடுதல் ஜெட்தான். அதன் உந்தப் பரவலைத் தவறாகக் கணித்தால் எத்தனை நிகழ்வுகள் வடிகட்டலைத் தாண்டும் என்ற எண்ணும் தவறு, அதன்மேல் கட்டும் நிறை வரம்பும் தவறு. பார்ட்டான் ஷவரை மட்டும் நம்பினால், ஷவர் எந்த அளவுகோலிலிருந்து தொடங்குகிறது என்ற ஒரு தேர்வே கடினமான ஜெட்டுகளின் எண்ணிக்கையைப் பெரிய அளவில் மாற்றிவிடும். அதனால்தான் முதல் ஒன்றிரண்டு ஜெட்டுகளை மேட்கிராஃப்பில் மேட்ரிக்ஸ் எலிமென்ட்டாகவே (ஃபெய்ன்மன் வரைபடங்களிலிருந்து நேரடியாக) கணக்கிட்டு, மீதியை ஷவரிடம் ஒப்படைக்கிறோம்.

உங்கள் நிறை வித்தியாசம் பெரிது, ஆய்வில் சிதைவு ஜெட்டுகளைத்தான் தேடுகிறீர்கள் என்றால் ஜெட் சேர்க்காமல் ஒரு ஓட்டம், ஒரு ஜெட் சேர்த்து ஒரு ஓட்டம் செய்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் சிறிதென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2. நிறுவ வேண்டியவை, ஆகும் செலவு

நிரல்கள் எல்லாம் இலவசம். செலவு கணினி நேரத்திலும் வட்டு இடத்திலும்தான்.

லினக்ஸ் அல்லது மேக் கணினி, ஜிஃபோர்ட்ரான் கம்பைலர், பைத்தான் 3.7 அல்லது அதற்கு மேல் இருந்தால் மேட்கிராஃப் 5-இன் இப்போதைய 3-ஆம் வரிசை ஓடும். பைத்தியா 8, எல்எச்ஏபிடிஎஃப் 6 (புரோட்டானுக்குள் குவார்க், குளூவான் பரவலைத் தருவது), டெல்ஃபெஸ் மூன்றையும் மேட்கிராஃப்புக்குள்ளிருந்தே நிறுவுக் கட்டளை கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். தனித்தனியாக இறக்கி இணைக்க முயன்றால் பதிப்புப் பொருத்தமில்லாமல் ஒரு வாரம் போகும். டெல்ஃபெஸுக்கு மட்டும் ரூட் என்ற தரவுப் பகுப்பாய்வு நிரல் முன்கூட்டியே இருக்க வேண்டும். லினக்ஸ் ஆகட்டும், மேக் ஆகட்டும், முதலில் டாப் ஜோடிக்கு 1000 நிகழ்வுகள் ஓட்டிப் பாருங்கள். அது ஓடாமல் சூப்பர்சிமெட்ரியைத் தொடாதீர்கள், ஏனென்றால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நேரம்: ஜெட் இல்லாத ஸ்டாப் ஜோடி சாதாரண மடிக்கணினியில் சில நிமிடம். ஒரு ஜெட் சேர்த்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு ஜெட் என்றால் துணை நிகழ்வுகளும் ஃபெய்ன்மன் வரைபடங்களும் பெருகி மணிக்கணக்கில் போகும். மூன்றாவது ஜெட்டை மடிக்கணினியில் முயல வேண்டாம். நம் மாதிரி ஆய்வுக்கு இரண்டு வரை போதும், அட்லஸும் எல்எச்சியின் இன்னொரு குழுவான சிஎம்எஸ்ஸும் சிக்னல் மாதிரிகளுக்கு வழக்கமாக இரண்டு வரைதான் போகின்றன.

இடம்: மேட்கிராஃப் எழுதும் நிகழ்வுக் கோப்பு சிறியது. பைத்தியா எழுதும் ஹெப்எம்சி கோப்புதான் வட்டை விழுங்கும். ஒரு லட்சம் நிகழ்வுக்குப் பத்து ஜிபியைத் தாண்டும். அதைச் சேமிக்காமல் நேராக டெல்ஃபெஸுக்குக் குழாய் வழியாக ஊட்டும் ஏற்பாடு பைத்தியா கார்டிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகக் கிளஸ்டரில் உங்களுக்கு ஒதுக்கிய இடம் குறைவென்றால் முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள்.

3. நிறைக் கார்டு: மிக அமைதியாக ஏமாற்றும் கோப்பு

எம்எஸ்எஸ்எம் (மிக எளிய சூப்பர்சிமெட்ரிக் கோட்பாடு) கணக்குக்கான எம்எஸ்எஸ்எம் எஸ்எல்எச்ஏ2 மாதிரியை இறக்கியதும் அதனுடன் ஒரு நிறைக் கார்டு வரும். அதில் இருப்பது எஸ்பிஎஸ்1ஏ என்ற பழைய மாதிரிப் புள்ளி: குளூயினோ சுமார் 608 ஜிஇவி, முதல் ஸ்டாப் சுமார் 400, லேசான நியூட்ராலினோ சுமார் 97. நீங்கள் எதையும் மாற்றாவிட்டாலும் நிரல் குறை சொல்லாமல் ஓடும், அழகான வரைபடங்களும் தரும். எல்லாம் வேறொரு உலகத்துக்கானவை.

மாற்ற வேண்டியவை மூன்று. முதலாவது நிறைகள். ஸ்டாப்பின் எண் 1000006, அதை 500 ஆக்குங்கள். நியூட்ராலினோ 1000022, அது 470. குளூயினோ 1000021, மற்ற ஸ்குவார்க்குகள், ஸ்லெப்டான்கள், சார்ஜினோக்கள் எல்லாவற்றையும் 100000 ஜிஇவிக்குத் தள்ளுங்கள். நியூட்ராலினோவைக் கைதவறித் தள்ளிவிடாதீர்கள்.

இரண்டாவது கலப்பு அணிகள். நிறையை மட்டும் மாற்றிவிட்டு ஸ்டாப் கலப்பு அணியை எஸ்பிஎஸ்1ஏ-வின் எண்ணிலேயே விட்டால் ஜோடி உற்பத்திக்குப் பாதிப்பில்லை, ஏனென்றால் அது வலுவிசையால் நடக்கிறது. ஆனால் சிதைவின் கோணங்களையும் துருவமுனைப்பையும் அது தொடும். டாப் குவார்க் சிதைவைப் பார்க்கும் ஆய்வென்றால் கட்டாயம் கவனியுங்கள்.

மூன்றாவது சிதைவுப் பட்டியல். பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டாப் சார்முக்குச் சிதைய சுவைக்கலப்பு வேண்டும். இந்த மாதிரியில் அந்த முனையே இல்லை. மேட்கிராஃப்பிடம் இந்தச் சிதைவைக் கேட்டால் வரைபடமே கிடையாது என்று சொல்லிவிடும், அகலத்தை (துகள் எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்பதன் அளவு) தானாகக் கணக்கிடச் சொன்னாலும் இந்த வழி அதில் வராது. அதனால் ஸ்டாப்பைச் சிதைக்காமல் உருவாக்கிவிட்டு சிதைவைப் பைத்தியாவிடம் விடுங்கள். நிறைக் கார்டில் ஸ்டாப்பின் சிதைவுப் பகுதியிலுள்ள பழைய வரிகளையெல்லாம் அழித்துவிட்டு, அகலம் 1 ஜிஇவி என்றும், கிளை விகிதம் 1, துகள் எண்ணிக்கை 2, துகள்கள் 1000022, 4 என்றும் ஒரே வரி எழுதினால் போதும். மேட்கிராஃப் இந்தக் கார்டை நிகழ்வுக் கோப்பின் தலையிலேயே ஒட்டி அனுப்பும், பைத்தியா அங்கிருந்து படித்துக்கொள்ளும்.

அந்த வரியை எழுத மறந்து அகலம் பூஜ்யமாக இருந்தால் பைத்தியா ஸ்டாப்பை அழியாத துகள் என்று எடுத்துக்கொள்ளும். ஓட்டம் முடிந்ததும் நிகழ்வுப் பதிவில் இறுதி நிலையில் 1000006 எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்று இருந்தாலும் கார்டு தப்பு.

எல்லாத் துகளும் இருக்கும் முழு எம்எஸ்எஸ்எம் புள்ளியை ஆராய்பவர்கள் கையால் எண் எழுத வேண்டாம். சாஃப்ட்சூசி, எஸ்ஃபீனோ போன்ற நிறை கணக்கிடும் நிரல்களிலிருந்து வரும் கோப்பை அப்படியே பயன்படுத்துங்கள். சிதைவுப் பகுதி அதில் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. நிகழ்வை எழுதுவது, இரட்டைக் கணக்கைத் தவிர்ப்பது

இந்தப் படியின் கட்டளைகளில் நிகழ்வு என்பது மோதலின் வகை (ப்ராசஸ்), உருவாகும் ஒவ்வொரு மோதலும் அல்ல. மூன்று வரிகள். முதலில் இரண்டு புரோட்டான், முடிவில் ஸ்டாப்பும் எதிர் ஸ்டாப்பும். அடுத்து "நிகழ்வைச் சேர்" கட்டளையில் அதே முடிவோடு ஒரு ஜெட். மூன்றாவதில் இரண்டு ஜெட். மூன்றையும் ஒரே அடைவில் எழுத வேண்டும். தனித்தனி அடைவுகளில் ஓட்டிவிட்டுப் பிறகு கோப்புகளைச் சேர்த்தால் மேட்சிங் (ஒரே ஜெட்டை மேட்கிராஃப்பும் ஷவரும் இரண்டு முறை தராமல் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு) எளிதில் தவறிப்போகும்.

ஜெட் என்ற குறிக்குள் பாட்டம் குவார்க் இருக்கிறதா இல்லையா என்று திரையில் பாருங்கள். இந்த மாதிரியில் பாட்டம் குவார்க்குக்கு நிறை உண்டு, அதனால் இயல்பாக அது ஜெட்டில் சேராது. ஓட்டக் கார்டில் இருக்கும் மேக்ஸ்ஜெட்ஃபிளேவர் என்ற எண் இதனோடு ஒத்துப்போக வேண்டும்: பாட்டம் இல்லையென்றால் 4, இருந்தால் 5.

நம் உதாரணத்தில் குளூயினோ எட்டாத உயரத்தில் இருப்பதால் அடுத்து சொல்லப்போகும் சிக்கல் வராது. ஆனால் குளூயினோவும் ஸ்குவார்க்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் புள்ளி உங்களுடையது என்றால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். ஸ்குவார்க் ஜோடியும் ஒரு ஜெட்டும் என்று எழுதுகிறீர்கள். மேட்கிராஃப் எல்லா வரைபடங்களையும் போடும். அவற்றில் சிலவற்றில் முதலில் ஒரு ஸ்குவார்க்கும் ஒரு குளூயினோவும் பிறந்து, அந்தக் குளூயினோ ஸ்குவார்க்காகவும் குவார்க்காகவும் உடைந்திருக்கும். அந்தக் குவார்க்தான் உங்கள் கூடுதல் ஜெட். ஆனால் அது கூடுதல் ஜெட்டே அல்ல, ஸ்குவார்க்–குளூயினோ உற்பத்தியின் சிதைவுப் பொருள். அந்த உற்பத்தியைத் தனியாகவும் ஓட்டிக் கூட்டினால் ஒரே நிகழ்வை இரண்டு முறை எண்ணியதாகும்.

தீர்வு, ஜெட் உள்ள வரிகளின் கடைசியில் டாலர் குறி போட்டு வலுவிசைச் சூப்பர் துகள்களின் பட்டியலைக் கொடுப்பது. நடுவே வரும் அந்தத் துகள் தன் உண்மையான நிறைக்கு அருகில் இருக்கும் பகுதியை மட்டும் இது ஒதுக்கிவிடும். எவ்வளவு அருகில் என்பதை ஓட்டக் கார்டிலுள்ள எல்லை எண் சொல்கிறது, இயல்பாக அகலத்தைப் போல் 15 மடங்கு. அகலமே தப்பாக இருந்தால் இந்த ஒதுக்கலும் தப்பு, ஆகவே 3-ஆம் படியில் நடுத் துகளின் அகலத்தையும் சரியாகக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும்.

டாலர் குறிக்குப் பதில் சாய்கோடு போட்டால் அந்தத் துகள் உள்ள வரைபடங்கள் மொத்தமாகப் போய்விடும். வேகம் கிடைக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று ஈடுசெய்யும் வரைபடங்களில் பாதியை வெட்டினால் கேஜ் மாறாமை (கோட்பாட்டின் அடிப்படைச் சமச்சீர்) உடைந்து அர்த்தமில்லாத எண் வரலாம். குவார்க், குளூவான் வழியில் வரும் உற்பத்தியில் சிறிய பங்கே உள்ள மெல்விசைச் சூப்பர் துகள்களை ஒதுக்கச் சாய்கோடு வசதி. வலுவிசைத் துகள்களுக்கு அதைப் போடாதீர்கள்.

5. ஓட்டக் கார்டு

கற்றை ஆற்றல் ஒவ்வொரு பக்கமும் 6500. 2022-இல் தொடங்கிய ஓட்டத்துக்கான கணக்கென்றால் 13.6 டிஇவி, அதாவது 6800.

ஐசிகேகேடபிள்யூ என்ற அமைப்பு 1 என்றிருந்தால் எம்எல்எம் என்ற முறையில் மேட்சிங் நடக்கும். அப்புறம் எக்ஸ்க்யூகட். ஜெட் பார்ட்டான்களை மேட்கிராஃப் எவ்வளவு கீழ்வரை கணக்கிட வேண்டும் என்ற எல்லை இது. கடின நிகழ்வின் அளவுகோலில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வைப்பது வழக்கம். அட்லஸ் ஆய்வுகளில் மெர்ஜிங் அளவுகோலை (மேட்கிராஃப் ஜெட்டும் ஷவர் ஜெட்டும் பிரியும் எல்லை) சூப்பர் துகளின் நிறையில் கால்வாசி என்று வைப்பார்கள். நமக்கு 500-இல் கால்வாசி 125. எக்ஸ்க்யூகட்டை 80 என்று வைத்தால் பைத்தியா பக்கத்து எல்லையான க்யூகட் தானாக அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 120 ஆகும். அட்லஸ் வழக்கப்படி வரும் 125-க்கு இது அருகிலேயே இருக்கிறது.

இந்த எண்ணை மிகக் கீழே வைத்தால் மேட்கிராஃப் ஏராளமான மென்ஜெட் நிகழ்வுகளை உருவாக்கி, பைத்தியா அவற்றில் பெரும்பாலானதை எறியும். கணினி நேரம் வீண். மிக மேலே வைத்தால் உங்கள் ஆய்வு தேடும் ஜெட்டுகளே ஷவரிலிருந்து வரத் தொடங்கும், பிறகு இத்தனை பாடும் எதற்கு? ஆய்வில் ஜெட்டுக்கு வைத்திருக்கும் உந்த எல்லையைவிட க்யூகட் நன்றாகக் கீழே இருக்க வேண்டும். ஒற்றை ஜெட் ஆய்வில் முதல் ஜெட்டின் எல்லை பல நூறு ஜிஇவி என்பதால் 120 பாதுகாப்பான இடம்.

ஆய்வுக்குத் தேவை 300 ஜிஇவி ஜெட் உள்ள நிகழ்வுகள்தானே, அந்த வெட்டை மேட்கிராஃப்பிலேயே போட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். போடாதீர்கள். ஜெட் இல்லாத மாதிரியும் மென்ஜெட் மாதிரியும் சேர்ந்தால்தான் மேட்சிங்குக்கு அர்த்தம். வெட்டெல்லாம் கடைசியில்.

விதை எண்ணையும் இங்கேயே பாருங்கள். ஐசீட் பூஜ்யம் என்றிருந்தால் ஒரே அடைவில் ஓட்டும்வரை நிரலே மாற்றிக்கொள்ளும். கிளஸ்டரில் அடைவைப் பத்துப் பிரதி எடுத்துப் பத்து இடத்தில் ஓட்டினால் பத்திலும் ஒரே விதை, ஒரே நிகழ்வுகள். புள்ளிவிவரம் பத்து மடங்கு கூடியதாகத் தோன்றும், ஒன்றும் கூடியிருக்காது. பிரதிக்கு ஒரு விதை எண்ணைக் கையால் கொடுங்கள்.

6. பைத்தியா பக்கம்

மேட்கிராஃப் வழியாகப் பைத்தியாவை ஓட்டினால் மேட்சிங் அமைப்புகளில் முக்கியமானவை தானாக நிரம்பும். ஒன்றை மட்டும் கண்ணால் சரிபாருங்கள்: அதிகபட்ச ஜெட் எண்ணிக்கை 2 என்று இருக்கிறதா என்று. சிதைவிலிருந்து வரும் சார்மை அதில் எண்ணக் கூடாது. புரோட்டான் பக்கத்திலிருந்து வருபவை மட்டுமே கணக்கு.

உங்கள் குழு எம்எல்எம்முக்குப் பதில் சிகேகேடபிள்யூ-எல் முறையைக் கேட்கலாம். அப்போது இரண்டு விஷயம் மாறும். மைய நிகழ்வு எது என்று பைத்தியாவிடம் எழுதிச் சொல்ல வேண்டும், ஸ்டாப்பைப் பெயரோடும் எண்ணோடும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி எடை வரும். அந்த எடையைப் பயன்படுத்தாமல் நிகழ்வுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினால் வரைபடம் தவறு.

7. மேட்சிங் சரியா என்று பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் போகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நிரல் பிழையில்லாமல் முடிந்தது என்பதற்கும் மேட்சிங் சரி என்பதற்கும் சம்பந்தமே இல்லை. என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி நேரத்தை இங்கே செலவிடலாம்.

பார்க்க வேண்டியது டிஜேஆர் வரைபடம். ஒரு நிகழ்வு எந்த அளவுகோலில் ஒரு ஜெட்டாகத் தெரிவதிலிருந்து இரண்டு ஜெட்டாகத் தெரிவதற்கு மாறுகிறது என்பதை அது காட்டும். மேட்கிராஃப் ஓட்டம் முடிந்ததும் அடைவில் இது கிடைக்கும். கிடை அச்சில் இருப்பது அளவுகோலின் பத்தடிமான மடக்கை. க்யூகட் 120 என்றால் பார்க்க வேண்டிய இடம் 2.08.

பூஜ்யத்திலிருந்து ஒன்று என்ற படத்தைத் திறந்து பாருங்கள். 2.08-க்கு இடப்பக்கம் முழுக்க ஜெட் இல்லாத மாதிரி நிரப்பியிருக்கும். வலப்பக்கம் ஒரு ஜெட், இரண்டு ஜெட் மாதிரிகள். இரண்டும் சேர்ந்த மொத்தக் கோடு 2.08-ஐ மேடு பள்ளம் இல்லாமல் கடக்க வேண்டும். அங்கே படி விழுந்தாற்போல் இறக்கம் இருந்தால் க்யூகட் பொருத்தமில்லை. கூர்மையான முகடு இருந்தால் இரட்டைக் கணக்கு நடக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஒன்றிலிருந்து இரண்டு என்ற படத்திலும் அதே சோதனை. இரண்டிலிருந்து மூன்று என்ற படத்தில் மூன்று ஜெட் மாதிரியே நம்மிடம் இல்லை, மூன்றாவது ஜெட் முழுக்க ஷவரின் வேலை. அங்கே வலப்பக்கம் புது மாதிரி எதுவும் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

சில ஆயிரம் நிகழ்வுகளை வைத்து இந்தப் படத்தைப் பார்த்தால் ஏற்ற இறக்கமே பள்ளமாகத் தெரியும். சில பத்தாயிரம் வேண்டும். பிறகு க்யூகட்டை 100, 120, 160 என்று மாற்றிப் பாருங்கள். ஒரே ஓட்டத்தில் பல க்யூகட்டுக்கும் எடை எழுதும் வசதி உண்டு. எது எப்படியானாலும் க்யூகட் எக்ஸ்க்யூகட்டைவிடப் பெரிதாகவே இருக்க வேண்டும்.

இன்னொரு சோதனை சுலபமானது. மேட்சிங்குக்குப் பிறகு வரும் குறுக்குவெட்டையும் (உற்பத்தி நடக்கும் வாய்ப்பின் அளவு), ஜெட் இல்லாத மாதிரியை மட்டும் ஓட்டினால் வரும் குறுக்குவெட்டையும் ஒப்பிடுங்கள். அருகருகே இருக்க வேண்டும். க்யூகட்டை மாற்றும்போது மேட்சிங் எண் சிறிதளவே அசைய வேண்டும். இரண்டு மடங்கு வித்தியாசம் என்றால் எங்கோ தவறு.

8. நிகழ்வு எண்ணிக்கையாக மாற்றுவது

ஓட்டத்தின் நடுவே மேட்கிராஃப் ஒரு குறுக்குவெட்டு அச்சிடும். மூன்று மாதிரிகளையும் அப்படியே கூட்டிய எண் அது, மேட்சிங்குக்கு முந்தையது. எங்கேயும் பயன்படுத்தாதீர்கள். பைத்தியா முடிந்தபின் வரும் மேட்சிங் குறுக்குவெட்டும்கூட லீடிங் ஆர்டர்தான், அதாவது முதல் வரிசைத் தோராயம்தான். பரவலின் வடிவத்துக்கு நம் சிமுலேஷன், மொத்த அளவுக்கு உயர் வரிசைக் கணக்கு. இதுதான் நடைமுறை.

மொத்த அளவுக்கு எல்எச்சி சூப்பர்சிமெட்ரிக் குறுக்குவெட்டுப் பணிக்குழுவின் அட்டவணைகள் இருக்கின்றன. மற்ற துகள்கள் எட்டாத உயரத்தில் இருக்கும் ஸ்டாப் ஜோடிக்கு, 13 டிஇவியில், 500 ஜிஇவிக்குச் சுமார் 0.61 பிகோபார்ன். 1000 ஜிஇவிக்குச் சுமார் 0.0068 பிகோபார்ன். நிறை இரட்டித்தால் எண் தொண்ணூறு மடங்கு விழுகிறது. அட்டவணையில் ஒரு வரி தவறிப் படித்தால்கூட முடிவு மாறிவிடும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 0.61 பிகோபார்னை 140 இன்வர்ஸ் ஃபெம்டோபார்னால் பெருக்கினால் சுமார் 85,000 ஸ்டாப் ஜோடிகள். நீங்கள் 1,00,000 நிகழ்வு உருவாக்கி, மேட்சிங்கில் 40,000 தப்பின என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கும் கீழே தப்புவது எம்எல்எம்மில் சாதாரணம். ஒரு நிகழ்வின் எடை 85,000-ஐ 40,000-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 2.1. உருவாக்கிய 1,00,000-ஆல் வகுத்தால் 0.85 என்று வரும், சிக்னல் பாதிக்கும் கீழே குறைந்துபோகும். இந்தத் தவறு எந்த வரைபடத்தின் வடிவத்திலும் தெரியாது என்பதால் கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டம்.

அட்டவணையை எடுக்கும்போது மூன்றைச் சரிபாருங்கள்: ஆற்றல் 13-ஆ 13.6-ஆ, எத்தனை ஸ்குவார்க் சுவைகளைக் கூட்டியிருக்கிறார்கள், மற்ற துகள்கள் விலக்கி வைக்கப்பட்டவையா. குளூயினோ அட்டவணை ஸ்குவார்க்குகள் எட்டாத உயரத்தில் இருப்பதாகக் கொண்டது. உங்கள் புள்ளியில் ஸ்குவார்க் பக்கத்தில் இருந்தால் அந்த எண் பொருந்தாது. அப்படிப்பட்ட புள்ளிகளுக்கு ப்ராஸ்பினோ, என்என்எல்எல்-ஃபாஸ்ட் போன்ற நிரல்களை ஓட்டிக்கொள்ள வேண்டும்.

9. நம்பகத்தன்மையைச் சோதிப்பது, பிழை எல்லை சொல்வது

அட்டவணையில் குறுக்குவெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிழை சதவீதம் இருக்கும். அது மொத்த அளவுக்கான பிழை மட்டுமே. 400 ஜிஇவி ஜெட்டோடு எத்தனை நிகழ்வு வரும் என்பதன் பிழை தனி, அது நீங்கள்தான் மதிப்பிட வேண்டும். ரீநார்மலைசேஷன், ஃபாக்டரைசேஷன் அளவுகோல்களை இரண்டு மடங்கும் பாதியுமாக மாற்றுங்கள். க்யூகட்டை மாற்றுங்கள். முடிந்தால் பைத்தியாவுக்குப் பதில் ஹெர்விக் ஷவரோடு ஒருமுறை. தேர்ந்தெடுத்த நிகழ்வு எண்ணிக்கை இவற்றில் எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் சொல்ல வேண்டிய எண்.

இந்தப் பிழை வெறும் சம்பிரதாயமில்லை. டாப் ஜோடித் தரவோடு ஒப்பிட்டு, மேட்கிராஃப் தரும் கூடுதல் ஜெட் எண்ணிக்கையை சிஎம்எஸ் குழு திருத்தியிருக்கிறது. 2016 தரவு ஆய்வுகளில் அந்தத் திருத்தக் காரணி ஒரு ஜெட்டுக்கு 0.92-இல் தொடங்கி ஆறு ஜெட்டுக்கு 0.51 வரை இறங்கியது. ஜெட் கூடக் கூட சிமுலேஷன் அளவுக்கு மீறிக் கொடுக்கிறது என்று பொருள். ஒற்றை ஜெட் ஆய்வில் இது சிறியது. ஐந்தாறு ஜெட் கேட்கும் ஆய்வுக்குள் போனால் நம் இரண்டு ஜெட் மாதிரியை நம்பி எதுவும் சொல்லாதீர்கள்.

சொந்தப் புள்ளியை ஓட்டுவதற்கு முன் ஏற்கெனவே வெளியான ஒரு புள்ளியை ஓட்டுங்கள். அட்லஸ், சிஎம்எஸ் ஆய்வுகளின் எண்கள் ஹெப்டேட்டா தளத்தில் இருக்கின்றன. பல ஆய்வுகளுக்கு ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் எத்தனை சிக்னல் நிகழ்வு மிஞ்சியது என்ற பட்டியலும் அதில் உண்டு. அதே நிறைகளுக்கு உங்கள் சங்கிலியை ஓட்டி வரிக்கு வரி ஒப்பிடுங்கள். முதல் வரியிலேயே ஒத்துப்போகவில்லை என்றால் 8-ஆம் படியின் எடைக் கணக்கைப் பாருங்கள். ஜெட் வெட்டு வரியில் பிரிந்தால் மேட்சிங். காணாமல் போன உந்தத்தில் பிரிந்தால் நிறைக் கார்டு அல்லது டெல்ஃபெஸ் கார்டு. வெட்டுகளை எழுதும் வேலையை மேட்அனாலிசிஸ் 5, செக்மேட் போன்ற நிரல்கள் பல ஆய்வுகளுக்கு ஏற்கெனவே செய்து வைத்திருக்கின்றன, புதிதாக எழுத வேண்டியதில்லை.

10. எதைப் பத்திரப்படுத்துவது

வட்டில் இடம் தீரும்போது நிகழ்வுக் கோப்புகளை அழிக்கலாம், திரும்ப உருவாக்கிக்கொள்ள முடியும். பேனர் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். நிறைக் கார்டு, ஓட்டக் கார்டு, நிகழ்வு வரிகள், விதை எண் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அதில் இருக்கின்றன, அளவும் சிறியதுதான். அதோடு பைத்தியா கார்டு, டெல்ஃபெஸ் கார்டு, டிஜேஆர் படங்கள், ஒவ்வொரு நிரலின் பதிப்பு எண், எடுத்துக்கொண்ட குறுக்குவெட்டும் அது எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்பதும் ஒரே அடைவில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து கட்டுரைக்கு மதிப்புரை வரும்போது நடுவர் கேட்பது பெரும்பாலும் க்யூகட் எவ்வளவு வைத்தீர்கள், மாற்றிப் பார்த்தீர்களா என்பதுதான்.